பழைய முன்சக்கர இயக்கக் காருக்கு டர்போ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. டர்போ என்பது, இன்ஜின் வெளிவிடும் புகையால் சுழன்று அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. எல்லாக் காருக்கும் பொதுவாகப் பேசினால் எதற்கும் பயன்படாது என்பதால் ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன்: 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்பனையான ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 1493 சிசி, 106 குதிரைத்திறன். அதன் இன்ஜின் 1990-களின் சிவிக் கார்களில் இருந்த டி வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் அந்த இன்ஜின்களுக்கு டர்போ மாட்டி, எது உடையும், எது தாங்கும் என்று ஏற்கெனவே உடைத்துப் பார்த்துவிட்டார்கள். என் வண்டியும் அதுதான்.

முன்சக்கர இயக்கக் காருக்கு டர்போ பொருந்துமா?

பொருந்தும். 1970-களின் இறுதியில் வந்த சாப் 99 டர்போ முன்சக்கர இயக்கம்தான். 1982-இல் ஹோண்டாவே ஜப்பானில் சிட்டி டர்போ என்று 1.2 லிட்டர் கார் ஒன்றை விற்றது. அடுத்த ஆண்டு அதற்கு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சேர்த்து, புல்டாக் என்று செல்லப்பெயர் பெற்ற சிட்டி டர்போ 2 வந்தது. 1985-இல் ரெனோ 5 ஜிடி டர்போவும் ஃபியட் ஊனோ டர்போவும் வந்தன. இவற்றில் எதுவும் இராட்சத சக்தியைத் தேடிப் போகவில்லை. சாபைத் தவிர மற்றவற்றில் சிறிய இன்ஜின், சிறிய டர்போ, நூறு குதிரைத்திறனை ஒட்டிய இலக்கு. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதைவிட நல்ல சூத்திரம் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு சக்தி எதிர்பார்க்கலாம்?

இன்ஜினைப் பிரிக்காமல், 145 முதல் 150 குதிரைத்திறன். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒரு கேள்விதான்: பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மாற்றப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? இந்த இன்ஜினின் ராடுகள் ஒல்லியானவை. பிஸ்டன்கள் வார்ப்பு அலுமினியம். வயது இருபதைத் தாண்டிவிட்டது. இணையத்தில் 200, 250 என்று எண்கள் உலவும். அவற்றில் பல உண்மையும்கூட. ஆனால் அந்த இன்ஜின் அடுத்த தீபாவளியைப் பார்த்ததா என்பதை யாரும் எழுதுவதில்லை.

150 என்பது காகிதத்தில் சிறிய எண்ணாகத் தெரியலாம். நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே அந்த இழுவை கைக்கு வரும்போது காரின் குணமே மாறிவிடும். இந்த விடெக் இன்ஜின் இயல்பில் 5000 சுற்றைத் தாண்டினால்தான் உயிர்பெறும். டர்போ அந்த உயிரைக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறது.

சரி, எந்த டர்போ வாங்குவது?

முதலில் கணக்கு. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றில் தன் கொள்ளளவில் பாதியை உறிஞ்சும். 1.493 லிட்டரில் பாதி, 6500 சுற்று என்றால் நிமிடத்துக்குச் சுமார் 4850 லிட்டர். உருளைகள் முழுதாக நிரம்புவதில்லை, 85 விழுக்காடு என்று வைத்தால் 4125 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். ஆக, நொடிக்கு 79 கிராம். பெட்ரோல் இன்ஜினில் நொடிக்கு ஒரு கிராம் காற்று ஏறத்தாழ 1.3 குதிரைத்திறன் தரும். பெருக்கிப் பாருங்கள்: 103. நிறுவனம் சொல்லும் 106-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம்!

இப்போது 0.5 பார் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம், சேர்ப்போம் (1 பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). காற்று ஒன்றரை மடங்கு. இன்டர்கூலரைத் தாண்டியும் மிஞ்சும் சூட்டுக்குக் கொஞ்சம் கழித்தால் நொடிக்கு 110 கிராம் சொச்சம். சக்தி 145 வாக்கில். எனவே நமக்குத் தேவை நொடிக்கு 110 முதல் 130 கிராம் காற்றைத் திணறாமல் தரும் டர்போ.

ஒரு டர்போ எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் தரும் என்று காட்டும் கம்ப்ரஸர் வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. நீங்கள் விரும்பும் அதே குதிரைத்திறனை நிறுவனமே எடுத்துக்காட்டிய ஒரு பெட்ரோல் இன்ஜினின் டர்போவைத் தேடுங்கள். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் நினைவிருக்கிறதா? 1.8 லிட்டர், 150 குதிரைத்திறன், அதில் இருந்தது கே03 என்ற டர்போ. நம் இலக்கும் 150. வேலை முடிந்தது. மிட்சுபிஷியின் டிடி04 குடும்பத்தில் சிறிய அளவுகளும், கேரட் டி25-உம் இதே வேலைக்கு ஆகும். இவை சற்றுப் பெரியவை, பூஸ்ட் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும். ஆனால் மேல்சுற்றில் மூச்சு முட்டாது.

இதே அளவுகோலை மறுபக்கமும் திருப்புங்கள். பலேனோ ஆர்எஸ்ஸின் 1.0 லிட்டர் டர்போ கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது என்று ஒரு தம்பி ஆவலோடு வந்தார். அந்த இன்ஜின் டர்போவோடு தருவது 102 குதிரைத்திறன். சிட்டி விடெக் டர்போ இல்லாமலே 106 தருகிறது. அந்தக் குட்டி டர்போவை இதில் மாட்டினால் வைக்கோல் துரும்பால் இளநீர் உறிஞ்சுகிற கதைதான்.

பெரிய டர்போவை வாங்கிக் குறைந்த பூஸ்டில் ஓட்டினால் என்ன? பின்னால் ஏற்றிக்கொள்ளலாமே?

எல்லாரும் கேட்பது, பாதிப்பேர் செய்வது. 350 குதிரைத்திறனுக்கான டர்போ 1.5 லிட்டர் இன்ஜினில் 4500 சுற்று வரை தூங்கும். பிறகு ஒரே உதையாக எழும். பின்சக்கர இயக்கக் காரில் அது விளையாட்டு. முன்சக்கரத்தில் அதே உதை வளைவின் நடுவில் வந்தால் கார் வளைவை மறந்து நேரே போகப் பார்க்கும். “பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்” என்று சொன்ன யாரும் பின்னால் ஏற்றி நான் பார்த்ததில்லை. விற்றுவிட்டுச் சிறியதை வாங்கியவர்கள் உண்டு.

டீசல் கார் டர்போ பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே?

மலிவுதான். ஆனால் டீசலின் புகைச்சூடு முழுப்பளுவில் 800 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். பெட்ரோலில் 950-ஐத் தாண்டும். அந்த 150 டிகிரியில்தான் எல்லாம் இருக்கிறது. டர்பைனைச் சுற்றிப் புகையின் வழியை மாற்றும் அசையும் இதழ்கள் கொண்ட வகை என்றால் தொடவே வேண்டாம். இதழ்கள் சூட்டில் இறுகிக்கொண்டால் பூஸ்ட் உங்கள் பேச்சைக் கேட்காது. பெட்ரோல் காரில் அந்த வகையைப் பெரிய அளவில் நம்பகமாகக் கொண்டுவர 2006-இல் போர்ஷே 911 டர்போவுக்கே உயர்வெப்ப உலோகங்கள் தேவைப்பட்டன. அதற்கு முன்பு 1989-இல் அமெரிக்காவில் ஷெல்பி சிஎஸ்எக்ஸ் என்ற முன்சக்கர இயக்கக் காரில் முயன்று, 500 வண்டிகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முன்சக்கர இயக்கம் என்பதால் எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்?

திருப்புவதும் இழுப்பதும் இரண்டே டயர்கள். முடுக்கும்போது காரின் எடை பின்பக்கம் சாயும், அதாவது இழுக்க வேண்டிய டயர்கள் மேலிருந்தே எடை விலகும். முதல் கியரில் கூடுதல் சக்தி முழுவதும் ரப்பர் புகையாகத்தான் போகும். ஆகவே முதல் இரண்டு கியர்களில் பூஸ்டைக் குறைத்து வைக்கும் வசதி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான உங்கள் இ.சி.யூ.-வில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், உபரிப் புகையை டர்போவுக்கு வெளியே திருப்பிப் பூஸ்டை அடக்கும் வேஸ்ட்கேட் வால்வு ஸ்பிரிங்கின் அடிப்படை அழுத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்டியரிங் இழுப்பு. கியர்பாக்ஸிலிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் ஆக்ஸில்கள் சம நீளத்தில் இல்லாவிட்டால், முடுக்கும்போது அவை வெவ்வேறு கோணத்தில் நின்று ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்து இழுக்கும். இதற்கு மருந்து தேடும் முன் தேய்ந்த சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். என் வண்டியில் “டர்போ இழுக்கிறது” என்று நான் மூன்று மாதம் புலம்பியது, கடைசியில் வெடித்துப்போன ஒரு லோயர் ஆர்ம் புஷ். டயரை ரொம்ப அகலமாக்குவதும் இழுப்பைக் கூட்டும்.

சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சக்தியை வாரிக்கொடுக்கும். பல்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் வளைவிலிருந்து வெளியேறுவது வேறு உலகம். 2002-இன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் இதை நிறுவனத்திலிருந்தே போட்டுக்கொண்டு வந்தது. ஆனால் விலை அதிகம், கியர்பாக்ஸை முழுதாகப் பிரிக்க வேண்டும். 150 குதிரைத்திறனுக்கு நல்ல டயர்களே போதும் என்பது என் கட்சி.

குறுக்காகப் படுத்திருக்கும் இன்ஜின் முடுக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும். அதனால் டர்போவிலிருந்து இறங்கும் குழாயில் பின்னிய உலோக வளைவுக்குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் விறைப்பாகப் பற்றவைத்தால், இன்ஜினிலிருந்து புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் மானிஃபோல்டில் முடிபோல ஒரு விரிசல் விழும். பற்றவைத்து ஒட்டுவீர்கள். பக்கத்தில் இன்னொன்று விழும். இன்ஜின் மவுண்ட் ரப்பர்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

டர்போ எங்கே உட்காரும்? ஏசி தப்புமா?

இந்த இன்ஜினில் புகை வெளியேறும் பக்கம் ரேடியேட்டரைப் பார்த்து இருக்கிறது. டர்போ அந்த இடுக்கில்தான் உட்கார வேண்டும். ரேடியேட்டர் மின்விசிறியை மெல்லிய வகைக்கு மாற்ற நேரிடும். மானிஃபோல்டு வாங்கும் முன், அது ஏசி கம்ப்ரஸரை அகற்றாமல் பொருந்துமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் செய்யும் பல மானிஃபோல்டுகள் ஏசியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காரும். மே மாதம் அவிநாசி சாலையில் ஏசி இல்லாத டர்போ காரில் உட்கார்ந்து பாருங்கள், சக்தி மீதான ஆசையே போய்விடும். நீண்டு வளைந்த குழாய்கள் அழகு. தடித்த வார்ப்பிரும்பு ஆயுள். தெருவில் ஓட்டுகிறவர் இரண்டாவதை எடுக்க வேண்டும்.

இன்டர்கூலர் தேவையா? 0.5 பார்தானே?

தேவை. 35 டிகிரி காற்றை 0.5 பார் அழுத்தினால் டர்போவிலிருந்து சுமார் 90 டிகிரியில் வெளிவரும். 1 பார் என்றால் 130. சராசரியான ஓர் இன்டர்கூலர் 90-ஐ 55-க்கு இறக்கிவிடும். அதற்காகப் பம்பர் அகலத்துக்கு ஒன்றை மாட்டி ஏசி கண்டென்ஸரின் காற்றை மறைக்காதீர்கள். சிக்னலில் நிற்கும்போது வெப்பமானி முள் ஏறுவதற்கு அதுவே காரணமாகும். இந்தச் சக்திக்குச் சின்னதே போதும்.

பூஸ்ட் 0.5 பார்தானா? நண்பர் 0.9 வைத்திருக்கிறாரே?

என் முதல் இன்ஜினும் 0.9-இல் ஓடியது. பதினோரு நாள்.

இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, ஒன்பதுக்கு மேல். டர்போவுக்கென்று பிறந்த பழைய இன்ஜின்களில் எட்டை ஒட்டி வைப்பார்கள். அதிக கம்ப்ரஷன், சூடான காற்று, பூஸ்ட் மூன்றும் சேர்ந்தால் ஸ்பார்க்கின் தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். குறைந்த சுற்றில் அது டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோலக் காதுக்குக் கேட்கும். பூஸ்டில், 6000 சுற்றில், சைலன்சர் சத்தத்துக்கு நடுவே கேட்காது. எனக்கும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மூன்று சிலிண்டரில் ஓடியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். இரண்டாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகள். வெயிலில் திருப்பிப் பார்த்தால் சில புள்ளிகள் வெள்ளியாக மின்னின. அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை வெளியே எடுத்தபோது மேல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள விளிம்பு நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. முன்னெச்சரிக்கையாக ஒரு வாரத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தப் புள்ளிகள் முன்பே சொல்லியிருக்கும். இப்போது பார்க்கிறேன்.

எந்தப் பெட்ரோல்?

இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. டர்போக்காரர்களுக்கு இதில் ஒரு நன்மை: எத்தனால், நாக்கிங்கைத் தாங்கும் திறனான ஆக்டேனைக் கூட்டும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். தீமை இரண்டு. ஒன்று, அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இந்தக் கலவைக்கு 13.5 சொச்சம்தான். பழைய கணக்கில் டியூன் செய்த வண்டி இன்று எரிபொருள் பற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும், அதாவது நாக்கிங்கின் வாசலில். இரண்டு, 2000-களின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டேங்கிலிருந்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை குழாய்களை மாற்றிவிட்டுத்தான் டர்போவைப் பற்றி யோசிக்க வேண்டும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த 100 ஆக்டேன் பெட்ரோல் பந்தயத் தடத்துக்கு நல்லது. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காத எரிபொருளை நம்பி டியூன் செய்தால் திண்டிவனத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

நிறுவன இ.சி.யூ.-வே போதாதா?

போதாது. பூஸ்ட் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எரிபொருள் அழுத்தத்தைப் பூஸ்டுக்கு ஏற்பக் கூட்டும் ரெகுலேட்டர் ஒன்றை மாட்டிச் சமாளிப்பது 1990-களின் வழக்கம். ஸ்பார்க் நேரத்தை அது தொடாது. தனி இ.சி.யூ. வாங்குங்கள், அல்லது திருத்தி எழுதக்கூடியதை. இன்ஜெக்டர்களும் மாற வேண்டும்: டி வகை இன்ஜின்களில் வருவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 சிசி. நம் 145 குதிரைத்திறனுக்கு எத்தனால் கலவையோடு கணக்கிட்டால் 290 வரை வேண்டும். 350 முதல் 450 வரையிலானவை போட்டால் நிம்மதி. வைட்பேண்ட் லாம்டா மீட்டரும் கட்டாயம். காற்றும் எரிபொருளும் சரிசமமாக எரியும் கலவைக்கு அது 1 காட்டும், எரிபொருள் கூடினால் எண் குறையும். முழுப்பூஸ்டில் லாம்டா 0.80-ஐ ஒட்டி இருக்கட்டும். காற்று-எரிபொருள் விகித எண்ணைப் பார்க்காதீர்கள். எத்தனால் கலந்தபின் அந்த எண் குழப்பும், லாம்டா குழப்பாது.

டர்போ மாட்டியதும் நீலப்புகை வருகிறது. புது டர்போ போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. அழுத்தத்தோடு உள்ளே போகும் ஆயில், டர்போவைத் தாண்டியதும் நுரையோடு சொட்டும். புவியீர்ப்பு மட்டுமே அதை இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறக்க வேண்டும். இறங்கும் குழாய் விரல் தடிமனாவது இருக்க வேண்டும், எங்கும் மேலே ஏறக்கூடாது, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே நுழைய வேண்டும். நான் பார்த்த ஒரு வண்டியில் அந்தக் குழாய் ஊஞ்சல்போலத் தொங்கி, பிறகு ஏறி நுழைந்தது. ஆயில் தேங்கி, டர்பைன் பக்கச் சீல் வழியே கசிந்து, ஒவ்வொரு சிக்னலிலும் கொசுமருந்து வண்டி. பட்டறைக்காரர் இரண்டு டர்போ மாற்றிவிட்டார். தீர்த்துவைத்தது ஒரு சாண் குழாய்.

எதற்கு முதலில் செலவு செய்வது?

டர்போவைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டரின் அழுத்தமும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் இன்ஜினுக்கு. பிறகு குளிரூட்டும் அமைப்பு, எரிபொருள் குழாய், பம்ப், இ.சி.யூ., கிளட்ச், பிரேக். என் வண்டிக்கு ஆன மொத்தச் செலவில் டர்போவின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. டர்போ முதலில் அலமாரிக்கு வந்துவிட்டால் மற்றவற்றுக்குப் பொறுமை இருக்காது, அதுதான் சிக்கல்.

சட்டப்படி சரியா?

சாலையில் ஓட்டும் காருக்கு, இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நிறுவனம் கொடுத்த விவரக்குறிப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பதினைந்து ஆண்டு முடிந்த கார் என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தவும் வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரிக்கவும் வாய்ப்புண்டு. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்திலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ மட்டும் ஓட்டுவதற்கென்று ஒரு வண்டியை ஒதுக்குவதே ஒழுங்கு. நான் அதற்குத்தான் வந்துசேர்ந்தேன். இப்போது என் சிட்டி தடத்துக்கு டிரெய்லரில் போகிறது.

டர்போவுக்குப் பதிலாக, இன்ஜினே நேரடியாகச் சுழற்றும் சூப்பர்சார்ஜர்?

நல்லது. இந்த இன்ஜினுக்கு நம் ஊரில் கிடைக்காது.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. முதல் நாள் என்ன செய்வது?

ஸ்பார்க் பிளக்குகளையும் இன்ஜெக்டர் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஆயில் இறங்கும் குழாயை ஒரு கிண்ணத்தில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். கிண்ணத்தில் ஆயில் விழும்வரை இன்ஜினைக் கிளப்பக்கூடாது. காய்ந்த பேரிங்கில் சில நொடிகள் சுழன்றாலே டர்போவின் கதை முடிந்தது. பிறகு பிளக்குகளை மாட்டி, கிளப்பி, இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடட்டும். கையில் டார்ச்சோடு கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். முதல் 200 கிலோமீட்டர் பூஸ்ட் இல்லாமல். சூடு ஆறியபின் மானிஃபோல்டு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், ஒன்றிரண்டு கட்டாயம் தளர்ந்திருக்கும். அந்த ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்றும்போது வடிகட்டியைக் குறுக்கே அறுத்துக் காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெள்ளித் துகள் மின்னினால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.